சாட்சி சொல்லும் சாயம்

தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் ஒரே முகமும் ஒரே வடிவமும் கொண்ட ஐந்து நளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஐவரில் நால்வர் தேவர்கள், ஒருவன்தான் மனிதன். முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் அந்தப் பெண் இந்திரனுக்கோ யமனுக்கோ மாலையிட்டிருப்பாள். அவளோ கண் இமைக்கிறதா, பாதம் நிலத்தில் படுகிறதா, சூடிய மாலை வாடியிருக்கிறதா என்று சிறு சிறு அடையாளங்களைப் பார்த்தாள். அவை யாவும் சேர்ந்து ஒரே ஆளைச் சுட்டிக் காட்டின.

இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயியல் நிபுணர்கள் செய்யும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை நமக்குக் கிடைக்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் கீழே ஒரே முகத்துடன் உட்கார்ந்திருக்கும் நாலைந்து வியாதிகளுள் உண்மையானது எது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மாலை தப்பான கழுத்தில் விழுந்தால், நோயாளிக்குத் தப்பான மருந்து போய்ச் சேரும்.

இந்த அடையாளப் பரிசோதனைக்கு வைத்திய சாஸ்திரத்தில் 'இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி' என்று பெயர். ஒரே மூச்சில் சொல்வதற்கே கொஞ்சம் சாதகம் வேண்டும்! ஆகையால் இந்தக் கட்டுரையில் நாம் 'அடையாளச் சாயம்' என்றே சொல்லிக்கொண்டு போவோம். நேயர்கள் மன்னிப்பார்கள், டாக்டர்கள் மன்னிக்காவிட்டாலும் பாதகமில்லை.

வேலியே பயிரை மேய்ந்தால்

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டை ரணமானால் கழுத்தில் நெறி கட்டுகிறது. 'புண் ஆறினால் தானே வடிந்துவிடும்' என்று பாட்டிமார் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படியே வடிந்தும் விடுகிறது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் அவரை விதை போல் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் நமது தேகத்தின் காவற் சாவடிகள். அந்நியக் கிருமி உள்ளே நுழைந்தால், அங்கே குடியிருக்கும் லிம்போஸைட் என்னும் வெள்ளை அணுக்கள் பெருகியெழுந்து போர் புரிகின்றன. முடிச்சு வீங்குவது அந்தப் படை திரளுவதன் அறிகுறியே.

ஆனால் சில சமயங்களில் காவலாளிகளில் ஒருவனுக்கே புத்தி பேதலித்துவிடுகிறது. எதிரி யாரும் இல்லாதபோதும் அவன் பெருகுகிறான். அவனுடைய சந்ததி முடிச்சை நிரப்பி, அடுத்த முடிச்சுக்குப் பரவி, எலும்புக்குள்ளும் ஈரலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. வேலியே பயிரை மேயும் இந்த விபரீதத்துக்குத்தான் லிம்போமா என்று பெயர். புற்று நோய்களில் இது ஒரு தனிக் குடும்பம்.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-ல் இப்படி முடிச்சுகள் பெருத்து இறந்த ஏழு பேரைப் பற்றி எழுதினார். மைக்ராஸ்கோப்பின் துணையில்லாமல், கண்ணால் கண்டதைக் கொண்டே எழுதினார். 1865-ல் ஸாமுவேல் வில்க்ஸ் அந்த வியாதிக்கு ஹாட்ஜ்கினின் பெயரையே சூட்டினார். ஹாட்ஜ்கின் வெட்டியெடுத்த துண்டுகளில் சிலவற்றை அந்த ஆஸ்பத்திரியின் காட்சிசாலையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். 1926-ல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்னும் வைத்தியர் அவற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஹாட்ஜ்கின் ஒன்றாகச் சேர்த்து எழுதியவை எல்லாம் ஒரே வியாதி அல்ல என்று அப்போது தெரிந்தது. இன்றைய வைத்திய நூல்கள் லிம்போமாக்களை அறுபதுக்கும் அதிகமான வகைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போக்கு வேறு, மருந்து வேறு.

அந்த அறுபதில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக் கொள்வோம். அதன் பெயர் 'அனாபிளாஸ்டிக் லார்ஜ் ஸெல் லிம்போமா'. தன் இயல்பான உருவத்தை அடியோடு இழந்த பெரிய அணுக்களால் ஆனது என்பது பொருள். அபூர்வமான வியாதிதான்: பெரியவர்களுக்கு வரும் லிம்போமாக்களில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இராது. குழந்தைகளுக்கு வரும் லிம்போமாக்களிலோ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இதுவே. இதைத் தேர்ந்தெடுத்த காரணம், அடையாளச் சாயம் பிறப்பதற்கு முன்பு உலகில் எவருக்கும் இப்படியொரு வியாதி இருப்பதே தெரியாது என்பதுதான். நோயாளிகள் இருந்தார்கள், வியாதிக்குப் பெயர் இல்லை. சிலருக்கு 'குடலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ பரவிய புற்று' என்று எழுதினார்கள். சிலருக்கு வேறொரு வகை அணுவின் மேல் பழியைப் போட்டார்கள்.

கீல் நகரத்துச் சுண்டெலி

எதிர்ப்பொருள் என்பது, அந்நியப் பொருள் ஒன்று உடலில் புகுந்தால் அதைப் பற்றிக்கொள்வதற்காக ரத்தத்தில் உண்டாகும் புரோட்டீன். பூட்டுக்குச் சாவி போல, தனக்குரிய ஒரே பொருளின் மேல்தான் அது ஒட்டும். இந்தப் பிடிவாத குணத்தை உபயோகித்துக் கொள்ளலாமே என்று அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆல்பெர்ட் கூன்ஸுக்குத் தோன்றிற்று. 1941-ல் அவரும் அவருடைய சகாக்களும் எதிர்ப்பொருளுடன் ஒளிவிடும் சாயம் ஒன்றைப் பிணைத்து, அது போய் ஒட்டிய இடத்தை இருட்டில் ஒளிரச் செய்தார்கள். 1966-ல் நகானே, பியர்ஸ் என்ற இருவர் ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக ஒரு நொதியைப் பிணைத்தார்கள். மேல்நாட்டார் சாப்பாட்டில் காரத்துக்காகச் சேர்க்கும் ஒரு கிழங்கிலிருந்து எடுத்த நொதி அது. அதன்மேல் தக்க ரசாயனத்தைச் சொட்டினால், ஒட்டிய இடம் காப்பிப் பொடி நிறமாக மாறுகிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்துக் கொள்ளலாம்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. முயலுக்கோ ஆட்டுக்கோ ஊசி போட்டு எடுத்த எதிர்ப்பொருள் பலவகைச் சாவிகள் கலந்த கொத்தாக இருந்தது. ஒரு தடவை எடுத்ததைப் போல் மறு தடவை கிடைப்பதில்லை. 1975-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்குப் பரிகாரம் கண்டார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலியின் அணு சீக்கிரம் செத்துவிடுகிறது. புற்று அணுவுக்கோ சாவே இல்லை. இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டால்? ஒரே சாவியை, என்றைக்கும் மாறாமல், வேண்டிய மட்டும் சுரந்துகொண்டேயிருக்கும் அணு கிடைத்தது! 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிரிட்டனில் உரிமைப் பத்திரம் வாங்காமல் விட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் கஜானாவுக்கு அது நஷ்டம் என்று பிற்பாடு பலர் அங்கலாய்த்தார்கள். உலகத்து நோயாளிகள் அங்கலாய்க்கக் காரணம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியின் வடகோடியில், பால்டிக் கடற்கரையில் கீல் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஹாரால்ட் ஸ்டைன் என்பவரும் சகாக்களும் ஹாட்ஜ்கின் வியாதியிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களைச் சுண்டெலிக்குச் செலுத்தி, மேற்படி முறையில் ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கினார்கள். ஊரின் பெயரால் அதற்குக் 'கீ-1' என்று பெயரிட்டு 1982-ல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான முடிச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுக்களில் மட்டுமே அது ஒட்டிற்று; ஹாட்ஜ்கின் வியாதியின் ராட்சத அணுக்களிலோ பளிச்சென்று ஒட்டிற்று. உலகெங்கும் இப்படி ஆளுக்கொரு பெயரிட்டால் குழப்பம் வராதா என்று, அதே 1982-ல் பாரிஸ் நகரில் கூடிய நிபுணர்கள் இத்தகைய அடையாளங்களுக்கு 'ஸி.டி.' என்ற எழுத்துக்களோடு வரிசை எண் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். கீ-1 கண்டுபிடிக்கும் அடையாளத்துக்குப் பின்னர் 'ஸி.டி. 30' என்ற எண் கிடைத்தது.

1985-ல்தான் விஷயம் சுவாரஸ்யமாயிற்று. ஹாட்ஜ்கின் வியாதியல்லாத வேறு சில கழலைகளிலும் கீ-1 பளிச்சென்று ஒட்டுவதை ஸ்டைன் கோஷ்டியார் எடுத்துக் காட்டினார்கள். பரவிய புற்று என்றும் வேறு என்னவோ என்றும் சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்கியிருந்த கழலைகள் பல, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று வெளிப்பட்டன. நாம் மேலே சொன்ன அனாபிளாஸ்டிக் லிம்போமா பிறந்த கதை இதுதான்.

ஒரு துண்டின் யாத்திரை

ரண வைத்தியர் வெட்டியெடுத்த முடிச்சு முதலில் பார்மலின் திராவகத்தில் விழவேண்டும். தாமதித்தால் அழுகத் தொடங்கிவிடும். அழுகிய துண்டு எந்தச் சாட்சியும் சொல்லாது. பார்மலினில் ஊறியபின் அதை மெழுகில் அமிழ்த்திக் கட்டியாக்குகிறார்கள். அந்தக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கனத்துக்குச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். வெங்காயச் சருகை நூறாக உரித்தாற்போல் என்று சொன்னால் மிகையாகாது.

பார்மலின் துண்டைக் காப்பாற்றுகிறது; ஆனால் புரோட்டீன்களை ஒன்றோடொன்று பின்னி, சாவித் துவாரங்களை அடைத்தும் விடுகிறது. வெகு காலம் இது பெரிய இடைஞ்சலாக இருந்தது. 1991-ல் ஷி என்பவரும் கூட்டாளிகளும் தகடுகளைத் திராவகத்தில் இட்டு, சமையலறையில் வைக்கும் மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்க வைத்தார்கள். அடைபட்ட துவாரங்கள் மறுபடி திறந்துகொண்டன. விஞ்ஞானம் எத்தனையோ தடவை அடுக்களையிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது; இது அவற்றில் ஒன்று.

பிறகு தகட்டின் மேல் எதிர்ப்பொருளைச் சொட்டிக் காத்திருந்து, ஒட்டாததைக் கழுவி, நொதி பிணைத்த இரண்டாவது எதிர்ப்பொருளை அதன்மேல் ஏற்றி, கடைசியில் நிறம் தரும் ரசாயனத்தை ஊற்றுகிறார்கள். மற்றப் பகுதிகள் தெரிவதற்காக இளநீலச் சாயமும் இடுவார்கள். நீலப் பின்னணியில் பழுப்பு நிறம் எங்கே தெரிகிறதோ அங்கே அடையாளம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அடையாளம் உண்டென்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு துண்டையும் கூடவே சாயமேற்றிப் பார்க்க வேண்டும். அதில் பழுப்பு வராவிட்டால் நோயாளியின் துண்டில் வராததற்கும் அர்த்தமில்லை. சாட்சியைக் கேட்குமுன் சாட்சிக்குக் கண் தெரிகிறதா என்று பார்ப்பது நியாயந்தானே?

குறுக்கு விசாரணை

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக் கொள்வோம். கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் கட்டி. மாலையானால் ஜுரம், இரவில் வேர்வை, தேகம் இளைத்துக்கொண்டே வருகிறது. முடிச்சை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரிய பெரிய அணுக்கள், குதிரை லாடம் போல் வளைந்த கருவுடன், கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. இது என்ன? தோலிலோ குடலிலோ தோன்றிப் பரவிய புற்றாகலாம். மெலனோமா என்னும் கரும்புற்றாகலாம். ஹாட்ஜ்கின் வியாதியாகலாம். வேறு லிம்போமாவும் ஆகலாம். ஐந்து நளர்களும் ஆஜர்!

நிபுணர் சாட்சிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். கெரடின் என்ற அடையாளம் தோல், குடல் முதலியவற்றின் மேற்போர்வை அணுக்களுக்கு உரியது. அது வரவில்லை, பரவிய புற்று என்ற சந்தேகம் பெரும்பாலும் விலகிற்று. எஸ்-100 வரவில்லை, கரும்புற்றும் பின்வாங்கிற்று. வெள்ளை அணுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குலச்சின்னம் ஸி.டி. 45. அது வந்தால் லிம்போமா என்று சொல்லிவிடலாம் அல்லவா?

இங்கேதான் இந்த வியாதியின் கபடம். அனாபிளாஸ்டிக் லிம்போமாவின் அணுக்கள் பல சமயம் இந்தக் குலச்சின்னத்தையே கழற்றி எறிந்துவிடுகின்றன. அது போதாதென்று, மேற்போர்வை அணுக்களுக்கு உரிய இ.எம்.ஏ. என்ற வேறொரு சின்னத்தை எடுத்து மாட்டிக்கொள்கின்றன. தன் குலத்தை மறைத்து அயலான் வேஷம் போடும் இந்த அணுவை, அந்த இரண்டு சாயங்களை மட்டும் போட்டுப் பார்த்தவர் 'பரவிய புற்று' என்றே எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்ட சாட்சிகள் அப்படிச் சொல்லின.

ஆகவே ஸி.டி. 30-ஐக் கேட்க வேண்டும். பெரிய அணுக்கள் அனைத்திலும், அணுவின் விளிம்பிலும் கருவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டாகவும் அது அழுத்தமாகத் தெரிந்தால் விஷயம் நெருங்கிவிட்டது. நெருங்கிவிட்டதே தவிர முடிந்துவிடவில்லை. ஸி.டி. 30 ஹாட்ஜ்கின் வியாதியிலும் வரும். சில பீஜப் புற்றுகளிலும் வரும். சாதாரண ஜுரத்தில் கிளர்ந்தெழுந்த நல்ல அணுக்களிலும் கொஞ்சம் வரும். ஹாட்ஜ்கின் வியாதியில் பாக்ஸ்-5 என்ற சின்னம் மங்கலாகத் தெரிவது வழக்கம், ஸி.டி. 15-ம் பெரும்பாலும் உண்டு. நம் பையனின் துண்டில் பாக்ஸ்-5 இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு சாட்சி இருக்கிறது. அதன் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இருக்கக்கூடாத இடத்தில்

1994-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், ஸெயிண்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில், ஸ்டீபன் மாரிஸும் சகாக்களும் இந்த லிம்போமாவின் வேரைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது குரோமோசோமின் ஒரு துண்டும் ஐந்தாவது குரோமோசோமின் ஒரு துண்டும் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால் முன்பின் இல்லாத ஒரு கலப்பு ஜீன் உண்டாகியிருந்தது. அதன் ஒரு பாதி என்.பி.எம். என்ற, எல்லா அணுக்களிலும் இருக்கும் சாதுவான ஜீன். மறு பாதி அதுவரை யாரும் அறியாதது. இந்த லிம்போமாவின் பெயரையே கொண்டு அதை ஏ.எல்.கே. என்று அழைத்தார்கள். அணுவைப் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் தூண்டும் விசை அது.

ஏ.எல்.கே. மனிதனின் நரம்பு மண்டலத்தில் சிற்சில இடங்களில்தான் இயல்பாக இருக்கிறது. நிணநீர் முடிச்சில் அதற்கு வேலையே இல்லை. ஆகவே 1997-ல் ஆக்ஸ்போர்டில் இதற்கென்று ஓர் எதிர்ப்பொருள் தயாரானபோது நோயியல் நிபுணர்களுக்கு அரிய சாட்சி கிடைத்தது. முடிச்சில் பழுப்பு தெரிந்தால், இருக்கக்கூடாத பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. குரோமோசோமை ஆராயும் பெரிய ஏற்பாடுகள் இல்லாமலே, ஒரு கண்ணாடித் தகடு அந்த முறிவை அறிவித்துவிடுகிறது. பழுப்பு தெரியும் இடத்துக்குக்கூட அர்த்தம் உண்டு. என்.பி.எம். அணுவின் கருவுக்குள் போய்வரும் சுபாவமுடையது. தன் கூட்டாளியையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. கருவும் கருவைச் சுற்றிய பகுதியும் சேர்ந்து பழுப்பானால் மேற்சொன்ன இரண்டு-ஐந்து மாற்றம் என்று ஊகிக்கலாம். சுற்றுப் பகுதி மட்டும் பழுப்பானால் ஏ.எல்.கே. வேறு கூட்டாளியுடன் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சாட்சியின் மகிமை இன்னும் ஓர் இடத்தில் தெரிகிறது. இந்த லிம்போமாவில் சில உருவங்கள் உண்டு. அவற்றில் பெரிய அணுக்கள் மிகக் குறைவு. சிறிய அணுக்களின் நடுவே, ரத்தக் குழாய்களை ஒட்டினாற்போல், அவை திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படித் திருடன் போல மறைந்திருக்கும். சாதாரணச் சாயத்தில் பார்த்தால் வெறும் அழற்சி என்றுதான் தோன்றும். ஏ.எல்.கே.யும் ஸி.டி. 30-ம் ஏற்றிப் பார்த்தால் குழாயைச் சுற்றிப் பழுப்பு வளையம் எழுகிறது.

ஆனாலும் ஏ.எல்.கே. ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்வதும் தவறு. வேறொரு அபூர்வ லிம்போமாவிலும், லிம்போமாவே அல்லாத சில கழலைகளிலும் அது உண்டு.

பெயர் தெரிந்து என்ன பயன்?

கட்டியின் பெயர் எதுவானால் என்ன, கத்தியும் கதிரும் விஷ மருந்தும் தானே சிகிச்சை என்று ஒரு காலத்தில் சொல்லலாமாயிருந்தது. இப்போது அப்படிச் சொல்வதற்கில்லை. பல உறுப்புகளில் பரவிய புற்று என்று எழுதப்பட்டவருக்கு, வலியைத் தணிப்பதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை என்று வைத்தியர் கைவிரிக்க நேரலாம். அதே மனிதருக்கு ஏ.எல்.கே. உள்ள அனாபிளாஸ்டிக் லிம்போமா என்று எழுதினால், அது குணப்படுத்தக் கூடிய வியாதி. ஏ.எல்.கே. உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருக்கிறார்கள். இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். இந்த வித்தியாசம் முழுவதற்கும் ஏ.எல்.கே.யே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. அது பெரும்பாலும் குழந்தைகளிடமும் வாலிபர்களிடமும் காணப்படுகிறது; இளம் தேகம் சிகிச்சையைத் தாங்குகிறது என்பதும் ஒரு காரணம்.

அடையாளம் வெறும் பெயராக நில்லாமல் மருந்துக்கு விலாசமாகவும் ஆகிவிட்டது. ஸி.டி. 30 மேல் ஒட்டும் எதிர்ப்பொருளோடு கொடிய விஷமொன்றைப் பிணைத்து 'பிரெண்டுக்ஸிமாப் வெடோடின்' என்ற மருந்தைச் செய்தார்கள். கீ-1 வெளியாகி 29 ஆண்டுகள் கழித்து, 2011-ல், அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி அதற்குக் கிடைத்தது. எதிர்ப்பொருள் விலாசத்தைத் தேடிப் போகிறது. அணு அதை விழுங்குகிறது. விஷம் உள்ளே போய் வேலை செய்கிறது. 2018-ல் இதையே பழைய மருந்துகளோடு சேர்த்து முதற் சிகிச்சையாகக் கொடுக்கவும் அனுமதித்தார்கள். ஏ.எல்.கே. விசையை அடைக்கும் கிரிஸாடினிப் என்ற மாத்திரை, இந்த லிம்போமா மீண்டும் வந்த குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் 2021-ல் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அது நுரையீரல் புற்றுக்காக வந்துவிட்டது! 2007-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் நுரையீரல் புற்றுள்ளோரில் சிலரிடமும் ஏ.எல்.கே. முறிந்து வேறு ஜீனுடன் சேர்ந்திருப்பதைக் கண்டதன் பலன் அது. அபூர்வ வியாதியை ஆராய்வது வீண் செலவு என்போர் இதைச் சற்று யோசிக்கலாம்.

நம் நாட்டுக்கு இதில் தனிப்பட்ட கவலை ஒன்று உண்டு. இங்கே கழுத்தில் கட்டியும் மாலை ஜுரமும் இளைப்பும் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது க்ஷயம். அது நியாயமே, இந்தியாவில் நாட்பட்ட நெறிக்கட்டிகளுக்கு க்ஷயமே முக்கியமான காரணம். ஆனால் லிம்போமாவும் அதே முகத்துடன்தான் வருகிறது. துண்டு எடுத்துப் பாராமலே க்ஷய மருந்தைத் தொடங்கிச் சில மாதம் பார்ப்போம் என்று இருந்துவிட்டால், அந்த மாதங்களில் வேலி பயிரை மேய்ந்துகொண்டேயிருக்கும். மருந்து சாப்பிட்டும் கட்டி வளர்ந்தாலோ, புதிய இடத்தில் கட்டி கண்டாலோ, 'துண்டெடுத்துப் பார்க்க வேண்டாமா?' என்று வீட்டார் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஊசியால் உறிஞ்சிய சில துளிகளைக் கொண்டு க்ஷயத்தைப் பல சமயம் கண்டுவிடலாம். லிம்போமாவின் வகையைச் சொல்ல அது போதாது. முழு முடிச்சோ, தடித்த ஊசியால் எடுத்த நல்ல துண்டோ வேண்டும். இத்தனை சாட்சிகளையும் கேட்பதற்குத் தகடுகள் பல சீவியாக வேண்டுமல்லவா?

பரிசோதனை முடிந்தபின் மிஞ்சும் மெழுகுக் கட்டியை ஆஸ்பத்திரியில் எண்ணிட்டு வைத்திருப்பார்கள். வேறு ஊரில் வேறு நிபுணரின் அபிப்பிராயத்தைக் கேட்க விரும்பினால், வெறும் காகித அறிக்கையை மட்டும் எடுத்துப் போகாமல், அந்தக் கட்டியையும் தகடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிப் போக வேண்டும். ரயிலில் ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் மெழுகு இளகிவிடும். சிறு டப்பாவில் பஞ்சு வைத்து, பைக்குள் நிழலில் கொண்டு போவது உத்தமம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குளிர்ந்த இடத்தில் பத்திரமாக இருந்தால், பல ஆண்டுகள் கழித்து வியாதி திரும்பி வந்தபோதும், இன்று இல்லாத புதிய சாயம் ஒன்று அன்று வந்திருந்தால், அதே கட்டியில் இன்னொரு சருகு சீவி அதையும் ஏற்றிப் பார்க்கலாம்.